குறை சொல்ல ஒரு பாட்டி வேண்டும்

(‘ஒரு கலைஞனைப் பெரிதும் வளர்ப்பது கைதட்டலே! குறைசொல்லே!’ என்னும் தலைப்பில் கொல்லிமலையில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், ‘குறைசொல்லே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கிறுகிறுத்து வந்த எங்களுக்குச் சூடா மிளகு ரசம் கொடுத்து உயிர் கொடுத்த கொல்லிமலைத் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் உட்காரும்போது ஒரு குண்டைப் போட்டுட்டு உட்கார்ந்தார். “இது வல்வில் ஓரி ஆண்ட மலை. கலைஞர்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்த மண். இந்த மண்ணுல நின்னுக்கிட்டு, கலைஞனைக் குறை சொல்லணும்னு பேச உங்களுக்கு எப்படி மனசு வருது?” அப்படின்னார். நீங்களும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லாப் பேசினா எதிரிக்கும் தட்டணும், அதுல எனக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது.

ஆனா ஓரியைப் பத்தி வன்பரணர் பாடினது புறநானூற்றுல இருக்கு. 152-ஆம் பாட்டு, 153-ஆம் பாட்டு. 152-ல என்ன கதை? பாணர் கூட்டம் காட்டுல ஒரு வேடனைப் பார்க்குது. ஒரே அம்பு, யானையைத் துளைச்சு, புலியைத் துளைச்சு, மானைத் துளைச்சு, பன்றியைத் துளைச்சு, கடைசியில புத்துக்குள்ள இருந்த உடும்புல போய் நிக்குது. இவன் சாதாரண வேடன் இல்லைன்னு பாட ஆரம்பிக்கிறாங்க. அரசனைச் சொல்லுகிற சொல்லைச் சொல்லிப் புகழ்ந்தவுடனே, எதிர்ல நின்ன ஆளுக்கு வெட்கம் வந்துடுது! நாணி நிக்கிறான். ஏன்னா அவன்தான் ஓரி. ஐயா, கைதட்டலைக் கேட்டு வெட்கப்பட்டவன் ஆண்ட மலை இது. எதிரணித் தலைவர் கைதட்டல் கேட்டப்போ முகத்தைப் பார்த்தீங்களா? எங்கயாவது வெட்கம் இருந்ததா? (சிரிப்பு)

153-ஆம் பாட்டு இன்னும் மேல. ஓரி கொடுத்த பொன்னையும் பொருளையும் வாங்கிக்கிட்டு, வயிறு முட்டச் சாப்பிட்ட கூத்தர்களுக்கு, ஆடவும் முடியலையாம், பாட்டும் மறந்து போச்சாம்! வன்பரணர் இதை ஓரியோட கொடையைப் புகழத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். தமிழ்ப் பேராசிரியர் எனக்கே பொருள் சொல்லிக் கொடுக்க வராதீங்க. ஆனா பட்டிமன்றப் பேச்சாளனா எனக்கு வேண்டியதை எடுத்துக்கிறேன். அளவுக்கு மீறிக் கிடைச்சா கலைஞனுக்குக் கலை மறந்து போகும். சொன்னது யார்? ஓரியோட புலவரே! (கைதட்டல்)

சரி, ராஜா கதை போதும். நேற்று சாயங்காலம் நடந்ததைச் சொல்றேன்.

நாங்க தங்கியிருந்த விடுதிக்கு ஒரு தம்பி வந்தார். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவர். பேர் சொல்ல மாட்டேன். இதை மேடையில சொல்லலாமான்னு அவரைக் கேட்டுக்கிட்டுத்தான் சொல்றேன். கையில ஒரு லேப்டாப். “ஐயா, நான் எடுத்த படமெல்லாம் இதுல இருக்கு. பார்ட்டிக்கு இதைத்தான் காட்டுறேன். சேலம், நாமக்கல்லுல இருக்கிறவங்களுக்குப் போன்லயே அனுப்பிடுறேன். பார்த்துட்டு ‘ரொம்ப நல்லா இருக்கு தம்பி’ங்கிறாங்க. ஆனா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடுது. ஏன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க”ன்னார்.

நடுவர் அவர்களே, அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்க. அவருக்குக் கைதட்டல் நிறையக் கிடைச்சிருக்கு. பார்க்கிறவங்க எல்லாரும் கட்டை விரலை உயர்த்திக் காட்டியிருக்காங்க. சாப்பாட்டுக்குத்தான் வழி இல்லை. கல்யாணச் சீசன்ல சம்பாதிச்சாத்தான் ஆடி, மார்கழியில அடுப்பு எரியும். கேமராவுக்குக் கடன் வாங்கியிருக்கார். ‘ரொம்ப நல்லா இருக்கு’ன்னு சொல்லிட்டுப் போறவன் இருக்கானே, அவன் நல்லவன் இல்லை ஐயா, சோம்பேறி. குறை சொல்லணும்னா உட்கார்ந்து பார்க்கணும். யோசிக்கணும். அவன் மூஞ்சி சுருங்கினா அதைத் தாங்கணும். இத்தனை வேலை யாருக்கு வேணும்? ‘சூப்பர்’னு சொன்னாப் போச்சு!

நான் பார்த்தேன். எனக்கு ஒண்ணும் தெரியலை. எங்க வீட்டுக்காரம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு வந்து உட்கார்ந்தாங்க. முப்பது வருஷமா என்னைக் குறை சொல்லிப் பழகின அனுபவம்! (சிரிப்பு)

“மொத்தம் எத்தனை படம் தம்பி?”

“இருநூத்திப் பன்னிரண்டும்மா.”

“பொண்ணைப் பெத்தவங்க கல்யாண மண்டபத்துக்கு அலைவாங்களா, இருநூறு படம் பார்ப்பாங்களா? நாப்பது போதும். நல்ல நாப்பதை நீயே பொறுக்கு. எது நல்லதுன்னு உனக்கே தெரியலைன்னு அவங்க நினைச்சுக்குவாங்க.”

அடுத்து, முதல் முப்பது படமும் மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேர்தான். ஆகாய கங்கை அருவிக்கு முன்னாடி, காட்சிமுனையில, தேயிலைத் தோட்டம் மாதிரி ஒரு இடத்துல. “இது கொல்லிமலைதானா, ஊட்டியா?”ன்னு கேட்டாங்க. அவர் தலையைச் சொறிஞ்சார். ஏற்காட்டுக்குப் போன ஒரு நண்பர் எடுத்த படமாம். சும்மா சேர்த்துக்கிட்டாராம்.

எனக்குத் தருமி ஞாபகம் வந்துட்டார். 1965-ல வந்த ‘திருவிளையாடல்’ படத்துல நாகேஷ் தருமியா வந்து என்ன பாடு படுத்தினார், மறக்க முடியுமா? நக்கீரரா நடிச்சவர் யாரு தெரியுமா? அந்தப் படத்தை இயக்கின ஏ.பி. நாகராஜனே. எல்லாரும் அந்தக் கதையில நக்கீரர் பெரியவரா, சிவபெருமான் பெரியவரான்னு பட்டிமன்றம் நடத்துறோம். நான் தருமியை மட்டும் பார்க்கிறேன். சபையில குறை சொன்னவுடனே அவரால ஏன் ஒரு வார்த்தை பதில் பேச முடியலை? பாட்டு அவருடையது இல்லை! இரவல் பாட்டுக்கு வந்த குறையை வாங்கிக்கிட்டுத் தருமி என்ன பண்ண முடியும்? எழுதினவர்கிட்ட ஓடத்தான் முடியும். இரவல் படத்தைக் காட்டி ஆர்டர் வாங்கினா, கல்யாணத்தன்னிக்கு அந்த நண்பர் வந்து எடுத்துக் கொடுப்பாரா? அந்த நாலு படத்தையும் அப்பவே எடுத்துட்டார். அது சின்ன விஷயம்.

வீட்டுக்காரம்மா நிக்கலை. “தாலி கட்டுற படம் காட்டு.” காட்டினார். “பொண்ணோட அம்மா எங்க?” தேடினார். அம்மா நின்ன இடத்துல வீடியோக்காரர் முதுகு இருக்கு! “பந்தி ஒண்ணுகூட இல்லையே, இந்தக் கல்யாணத்துல யாரும் சாப்பிடலையா?” “இந்தப் படத்துல எல்லாரும் ஏன் ரோஸ் கலர்ல இருக்காங்க?”

அதுக்கு அந்தத் தம்பி சொன்ன பதில் நல்லா இருந்தது. சிவப்புச் சாமியானா பந்தல் போட்டா, மேல இருந்து வர்ற வெயில் துணி வழியா இறங்கி முகமெல்லாம் சிவப்பா விழும். அதைக் கேமராவுல நிறச் சமன் பண்ணித் திருத்தணும், அவசரத்துல விட்டுட்டேன்னார். இங்க பனி வேற ஒரு தொந்தரவாம். எதிர்ல வெள்ளையா மூடுபனி நின்னா, ரொம்ப வெளிச்சம் இருக்குன்னு கேமரா தானே முடிவு பண்ணி வெளிச்சத்தைக் குறைச்சுக்கும். பனியும் சாம்பலாகும், பொண்ணும் சாம்பலாவா. நாம கொஞ்சம் கூட்டி வைக்கணும். பாருங்க, குறை சொன்னதும் வேலைக்காரன் வெளியில வர்றான்! ‘சூப்பர்’னு சொல்லியிருந்தா இதுல ஒரு வரி அவர் வாயில இருந்து வந்திருக்குமா?

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். நடுவர் மணியில கை வைக்கிறார், வேண்டாம் ஐயா, இன்னும் கொஞ்சம்.

ஒரு படத்துல பொண்ணு பால் மாதிரி வெள்ளை வெளேர்னு இருந்தது. கழுத்துல நகை மட்டும் மிதக்குது. எங்க வீட்டுக்காரம்மா, “இந்தப் பொண்ணு வெளியூரா?”ன்னு கேட்டாங்க. தம்பி கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார். அந்தப் பொண்ணு இதே மலைதான், பக்கத்து ஊர். ஆல்பத்தைக் கொண்டு போய் வீட்டுல கொடுத்திருக்கார். எல்லாரும் சுத்தி உட்கார்ந்து “சினிமா மாதிரி இருக்கு”ன்னு சொல்லியிருக்காங்க. திண்ணையில இருந்த பாட்டி ஆல்பத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்துல வச்சு, ஒவ்வொரு பக்கமாத் தடவிப் பார்த்துட்டு, “பேத்தி எங்க சாமி?”ன்னு கேட்டிருக்கு. “இதுதான் பாட்டி.” “இது யாரோ. எம்பேத்தி கருப்பு.” அவ்வளவுதான். ஆல்பத்தை மூடி அவர் மடியில வச்சிடுச்சு. (அவையில் அமைதி)

அவருக்கு அன்னிக்குக் கோபம்தான் வந்திருக்கு. ‘கிழவிக்குக் கண்ணு தெரியலை’ன்னு நினைச்சுக்கிட்டு மலை இறங்கியிருக்கார். “அப்புறம் தூக்கம் வரலைங்கய்யா. பாட்டிக்குப் புரை விழுந்த கண்ணு. அதுக்கே தெரிஞ்சது எனக்கு ஏன் தெரியலை?”ன்னார்.

அந்தத் தம்பியை மட்டும் குற்றவாளிக் கூண்டுல ஏத்த வேண்டாம். ஸ்டூடியோவுல திருத்துறது நேற்று வந்த வழக்கமா? அந்தக் காலத்துலயே நெகட்டிவ் மேல மெல்லிசா பென்சில் ஓட்டி முகத்துத் தழும்பை மறைப்பாங்க. கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கன்னத்துல சிவப்பு பூசுவாங்க. புதுச்சேரியில இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களை, 1880 முதல் 1980 வரைக்குமானதை, தேடிப் பிடிச்சுக் கணினியில ஏத்தியிருக்காங்க. அந்தக் காலப் படங்கள்ல எத்தனை மணமக்கள்! விறைப்பா நிப்பாங்க, சிரிக்க மாட்டாங்க, பின்னாடி திரைச்சீலையில அரண்மனை இருக்கும். ஆனா பேத்தி பேத்தியா இருப்பா.

கலர் பிலிம் வந்தப்போ வேற ஒரு கோளாறு. கோடாக் கம்பெனி ஸ்டூடியோ லேபுகளுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதுல ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி’ன்னு அந்த அட்டைக்கே பேர். அந்தப் பெண்ணோட நிறம் சரியா வந்தா, படம் சரின்னு கணக்கு. அப்ப நம்மை மாதிரி ஆளுங்க? இருட்டுல பல்லு மட்டும் தெரியும்! கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ராத், கோடாக்கில் வேலை பார்த்தவங்களையே விசாரிச்சு, 2009-ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அதுல ஒரு செய்தி. கருப்பு, பழுப்பு நிறம் சரியா விழலைன்னு கம்பெனிக்காரன் காதுல விழுற மாதிரிக் குறை சொன்னது யாரு தெரியுமா? சாக்லேட் கம்பெனிக்காரங்களும், மரச்சாமான் விக்கிறவங்களும்! ‘எங்க சாக்லேட்டுல கருப்புக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் தெரியலை, தேக்குக்கும் மற்ற மரத்துக்கும் வித்தியாசம் தெரியலை’ன்னு அவங்க சண்டை போட்ட பிறகுதான் பிலிமைத் திருத்தப் பார்த்தாங்களாம்.

யோசிச்சுப் பாருங்கம்மா. உலகம் பூரா கோடிக்கணக்கான தாய்மார்கள், பிள்ளை முகம் இருட்டா விழுந்த படத்தைக் கையில வாங்கி, ‘என் பிள்ளை கருப்பு, அதான் இப்படி’ன்னு தங்களையே குறை சொல்லிக்கிட்டாங்க. படத்தைக் குறை சொல்லலை. மேசை நாற்காலி விக்கிறவன் சொன்னான். திருந்தினது. குறை சொல்லாம இருந்தது பெருந்தன்மையா? அது யாருக்கு லாபம்? (கைதட்டல்)

முகப்பூச்சு விக்கிற கம்பெனியே 2020-ல ‘ஃபேர் அண்ட் லவ்லி’ங்கிற பேரை ‘க்ளோ அண்ட் லவ்லி’ன்னு மாத்திக்கிட்டான். நம்ம கல்யாண ஆல்பம் இன்னும் மாறலை. இத்தனைக்கும் இது எந்த மலை? கொல்லிப்பாவை இருந்த மலை! காத்தடிச்சாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் தன் உருவம் மாறாத பாவைன்னு சங்கப் புலவர்கள் பாடினாங்களே, அந்தப் பாவை. இடி மின்னலுக்கு மாறாத பாவையை, கம்ப்யூட்டர்ல ஒரு பொத்தானை அமுக்கி மாத்திடறாங்க!

எதிரணியில ஒரு அம்மா சொன்னாங்க: “குறை சொன்னா கலைஞன் உடைஞ்சு போவான்.” நியாயமான பயம், நான் மறுக்கலை. மாப்பிள்ளையோட மாமா ஒருத்தர், முகூர்த்த நேரத்துல ஆயிரம் பேர் முன்னாடி, “ஏய் போட்டோ, உனக்கு எவன்யா கேமரா பிடிக்கச் சொல்லிக் கொடுத்தான்?”னு கத்துவார். அது குறைசொல் இல்லைம்மா, அது மொய் எழுதாத ஆளோட சத்தம். (சிரிப்பு) அதுல ஒரு தகவலாவது இருக்கா? எந்தப் படம், எந்த இடம், என்ன கோளாறு? ஒண்ணும் கிடையாது. ‘நீ உருப்பட மாட்டே’ங்கிறதும் ‘சூப்பர் மச்சி’ங்கிறதும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. ரெண்டுலயும் படத்தைப் பத்தி ஒரு வார்த்தை இருக்காது. பாட்டி சொன்னதைப் பாருங்க. திட்டலை. கத்தலை. பேத்தி எங்கன்னு கேட்டுச்சு.

கேட்டா போதும். அதுக்கு ஒரு பெரிய சாட்சி இருக்கு. ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் அப்படின்னு ஒரு பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர். உலகத்துலயே பெரிய ஆளுன்னு சொல்லப்பட்டவர். 1947-ல நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துல அவர் படங்களைத் தனிக் கண்காட்சியா வச்சாங்க. அந்தப் படங்கள் அடங்கிய புத்தகத்தை எடுத்துக்கிட்டு, 1948 ஜனவரி 30-ஆம் தேதி டெல்லியில காந்தியடிகளைப் பார்க்கப் போனார். நேற்று அந்தத் தம்பி என்கிட்ட லேப்டாப்போட வந்த மாதிரிதான். காந்தியடிகள் ஒவ்வொரு பக்கமாப் பொறுமையாத் திருப்பினாராம், ஒண்ணும் பேசலையாம். ஒரு படத்துல நிறுத்தினார். போல் குளோதெல்னு ஒரு பிரெஞ்சுக் கவிஞர், சவ வண்டியைப் பார்த்துக்கிட்டு நிக்கிற படம். இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டார். இவர் சொன்னார், வாழ்வையும் சாவையும் பத்தி ரொம்ப நினைச்சுக்கிட்டிருக்கிற கவிஞர்னு. காந்தியடிகள் கொஞ்சம் யோசிச்சுட்டு, மரணம்ங்கிற சொல்லையே மூணு தரம் சொன்னாராம். கார்த்தியே பிரெஸ்ஸோன் விடைபெற்று வெளியில வந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் துப்பாக்கிச் சத்தம். பிற்காலத்துல அவரே சொன்ன செய்தி இது. தன் கடைசி நாள்ல அந்த மனுஷர், ஒரு கலைஞன் கொண்டு வந்ததைப் பக்கம் பக்கமாப் பார்த்து, ஒரு இடத்துல நின்னு கேள்வி கேட்டிருக்கார். ‘வெரி நைஸ்’னு மூடி வச்சிருந்தா அந்தக் கலைஞன் அந்த நாளை இப்படி ஞாபகம் வச்சிருப்பாரா?

நம்ம பெரியவங்களுக்கு இது தெரியும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில அரங்கேறினப்போ, எதிர்ல உட்கார்ந்து கேட்டவர் அதங்கோட்டாசான். கைதட்ட வந்தவர் இல்லை. குற்றம் தீரக் கேட்க வந்தவர். அப்படிச் சபையில குறை கேட்டுத் தேறின நூல்தான் இன்னிக்கு வரைக்கும் நிக்குது.

கேட்டுக்கிறவனுக்கும் ஒரு வேலை இருக்கு, அதையும் சொல்லிடறேன். பத்துப் பேர் பத்து விதமாச் சொல்வாங்க. எல்லாத்துக்கும் ஆட வேண்டியதில்லை. எங்க வீட்டுக்காரம்மா, ‘எல்லாப் படத்துலயும் பொண்ணு சிரிக்கணும்’னு ஒண்ணு சொன்னாங்க. தம்பி, “இல்லைங்கம்மா, பொறந்த வீட்டுல விடைபெறும்போது அழுதது அழுததாத்தான் இருக்கணும்”னு மறுத்துட்டார். முப்பது வருஷத்துல நான் மறுக்காததை அவர் ஒரே சாயங்காலத்துல மறுத்தார்! (பலத்த சிரிப்பு) அவர் சொன்னதுதான் சரி. வீட்டுக்காரம்மாவும் ஒத்துக்கிட்டாங்க. ஆனா ஒரே குறையை மூணு பேர், ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்க, சொல்லிட்டா அப்புறம் வாதாடக் கூடாது.

பாட்டி விஷயம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. ஒரு வாரம் கழிச்சு அந்தப் பொண்ணு படத்தையெல்லாம் பழைய நிறத்துக்குக் கொண்டு வந்து, தன் கைக்காசுல இன்னொரு ஆல்பம் போட்டு எடுத்துக்கிட்டுப் போயிருக்கார். வீட்டுல பாதிப் பேருக்கு முதல் ஆல்பம்தான் பிடிச்சிருக்கு, இதையும் நான் மறைக்கலை. பொண்ணு மட்டும் ஒண்ணும் சொல்லாம ரெண்டாவதை எடுத்து மாமியார் வீட்டுக்குக் கொண்டு போற பெட்டியில வச்சுக்கிச்சாம். பாட்டி இந்தத் தடவை விரலை ஒரு படத்து மேல வச்சு, “காது அப்படியே அவ அப்பன் காது”ன்னுச்சாம். வேற எதுவும் சொல்லலை. ஆனா லேப்டாப்புல பார்ட்டிக்குக் காட்டறது இன்னும் வெள்ளைப் படம்தான். “இது இல்லைன்னா டவுன்காரங்க வரமாட்டாங்கன்னு பயம்”னார். நேற்று ராத்திரி எங்க வீட்டுக்காரம்மாவும் அவரும் உட்கார்ந்து இருநூத்துப் பன்னிரண்டை நாப்பத்தி மூணாக் குறைச்சாங்க. முதல் படமா இப்ப அந்தப் பொண்ணு, அதன் சொந்த நிறத்துல. ஆர்டர் வருதா இல்லையான்னு தை மாசம் போன் பண்ணிச் சொல்றேன்னிருக்கார்.

நடுவர் மணியை அடிச்சே விட்டார். ஐயா, அந்தத் தம்பி இப்ப மேடைக்குக் கீழே நின்னு என்னைத்தான் படம் எடுத்துக்கிட்டு இருக்கார். தம்பி, ஃபிளாஷ் நேரா என் வழுக்கையில அடிக்குது, ரெண்டடி இடது பக்கம் தள்ளி நில்லுங்க. ஆங், அங்கதான்.

(பலத்த கைதட்டல்)